தாஜ்மகாலும் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லும்

தாஜ்மகாலைத் துணி துவைக்கிற கல்லால் கட்டினார்கள் என்று சிறு வயதில் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் சலவைக்கல் என்று போட்டிருந்தது. சலவை என்றால் துணி வெளுப்பது, கல் என்றால் கல். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? போர்ட் பிளேரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அப்படி ஒரு கல் கிடந்தது. அம்மா அதில்தான் எங்கள் யூனிஃபார்மை அடித்துத் துவைப்பாள். நான் வகுப்பில் எழுந்து நின்று, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏனென்றால் நான் சொன்னது சரி என்று பிற்பாடு தெரிந்தது.

இப்போது நானே வரலாறு டீச்சர். சலவைக்கல் பாடம் வந்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேகம் வரும். கிரேக்கச் சிலைகள் அந்தக் காலத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கவில்லை, கண்ணுக்கும் உதட்டுக்கும் உடைக்கும் வண்ணம் பூசித்தான் வைத்தார்கள் என்பேன். ரோமானியர்கள் செங்கல் சுவர் எழுப்பி, மேலே சலவைக்கல்லை ஒட்டிவிட்டுப் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள் என்பேன். ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து ஆக்ராவரைக்கும் வண்டி வண்டியாகக் கல் போன கதையைச் சொல்வேன். நம் சிற்பிகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் கருங்கல்லோடு மல்லுக்கட்டினார்கள் என்று முடிப்பேன். இவ்வளவும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தக் கல்லின் மேல் என் புடவையை அலசுவேன்.

அது சலவைக்கல் என்று தெரியாமல் போனதற்கு என்னைக் குறை சொல்லக் கூடாது. பாசி பிடித்து, சாம்பல் நிறமாகி, மேல்பக்கத்தை இந்தத் தீவின் மழை தின்றுவிட்டிருந்தது. தடவினால் சர்க்கரை போல நறநறக்கும். கொள்ளுத்தாத்தா அதை எதிரே இருக்கும் ராஸ் தீவிலிருந்து படகில் கொண்டுவந்தார் என்பது மட்டும் தெரியும். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பிறகு கதவு, ஜன்னல், இரும்புக்கட்டில் என்று ஆளாளுக்கு எதையோ அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா அந்தமானுக்குக் கைதியாக வந்தாரா, கைதிகளுக்குக் காவலாக வந்தாரா என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி உண்டு. கல்லைப் பற்றி ஒரே கட்சிதான். அது துவைக்கிற கல், அதன்மேல் உட்காரக் கூடாது. ஏன் என்று கேட்டால் அம்மா முறைப்பாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அதன்மேல் குத்துவிளக்கை வைத்து, எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாறு வழிந்த இடத்தில் பொடிப்பொடியாக நுரை வந்தது. சோப்பு மிச்சம் என்று நினைத்து நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி பிழிந்தேன். மறுபடி நுரைத்தது. கருங்கல் எலுமிச்சையைச் சட்டை செய்யாது. சிப்பி, பவளம், வெற்றிலைச் சுண்ணாம்பு, சலவைக்கல் எல்லாம் ஒரே குடும்பம். புளிப்பு பட்டால் பொங்கும். ஓரத்து மண்ணை விரலால் தள்ளிப் பார்த்தேன். கீழ் விளிம்பை அழகாக வளைத்து இழைத்திருந்தார்கள். வெயிலும் மழையும் படாத அந்த இடத்தில் கல் பால் போல வெளுத்திருந்தது.

விளக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "அம்மா, நம்ம தொவைக்கற கல்லு அசல் மார்பிள்! கீழ்ப்பக்கம் டிசைன்லாம் இருக்கு!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா டீ குடிக்க வந்திருந்தார். கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சில் பாதி இந்தி. எந்த நல்ல செய்திக்கும் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டார்.

"மார்பிளா?" என்று டம்ளரைக் கீழே வைத்தார். "ராஸ்ல மார்பிள் எதுக்கு வெச்சிருப்பான்? சோச்சோ, யோசிச்சுப் பாரு கொஞ்சம். கப்ருக்குத்தான் வெச்சிருப்பான். செத்தவன் பேரை எழுதி நட்டு வெக்கற பத்தர், கல்லறைக் கல்லு அது."

"பேர் ஒண்ணும் இல்லியே சித்தப்பா."

"மேல இல்ல. டிசைன் எந்தப் பக்கம் இருக்குன்னே? கீழ. அப்போ எழுத்தும் கீழதான் இருக்கும். தாத்தாவுக்கு அது தெரியும், அதான் கவுத்துப் போட்டுட்டாரு. அதான் மேல உக்காராதேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. பக்கா."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

இதெல்லாம் என் தங்கையின் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். ஏழு மாதம். அவள் கணவருக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை. பேறுகாலத்துக்கென்று போட் ஏறி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இதற்கு முன் ஒரு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவள் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, போன தடவை பாப்பாவுக்குன்னு அப்பாவோட பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு, தொவைச்சு, மடிச்சு வெச்சியே. எந்தக் கல்லுல தொவைச்சே?"

சித்தப்பா டீயைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தங்கை பின்வாசல் பக்கமே வரமாட்டேன் என்றாள். அவள் துணியை அந்தக் கல்லில் போடக் கூடாது. பிள்ளைக்கென்று ஒரு கந்தலைக்கூட யாரும் எடுத்து வைக்கக் கூடாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது பிரஷர் ஏறியிருக்கிறது என்றார்கள். "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்தான் கவலை என்று எந்த வாயால் சொல்வது?

அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தேன். கல் யாரையும் ஒன்றும் செய்யாது, நாமெல்லாம் இதே கல்லில் துவைத்த துணியைக் கட்டித்தானே வளர்ந்தோம் என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. காரணம், நான் நடத்தும் பாடம்தான். வருடா வருடம் நான் சொல்லித்தரும் சலவைக்கல் எல்லாம் மூன்று பேருக்குத்தான் போகிறது. சாமிக்கு, ராஜாவுக்கு, செத்தவருக்கு. நாலாவதாக ஒரு ஆளைத் தேடித்தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ராஸ் தீவில் சாமியும் ராஜாவும் போக மிச்சம் இருப்பது யார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவர்களைச் சொல்லி வந்த நான், எப்போதிருந்தோ தெரியவில்லை, வாளியிலேயே துணியை அலசிக்கொண்டிருந்தேன்.

"திருப்பிப் பாத்துடலாம்மா" என்றேன்.

"வேணாம்" என்றாள் அம்மா. "பேர் இருந்துச்சுன்னா அப்பறம் என்ன பண்ணுவே? தெரியாத வரைக்கும் அது வெறும் கல்லு."

"அப்ப தூக்கிக் கடாசிடலாம்."

"நல்லாருக்கு. செத்தவங்க கல்லுல எம்பது வருஷம் அழுக்கைத் தொவைச்சிட்டு, இப்ப தூக்கியும் எறியணுமா? வயித்துப் பிள்ளக்காரி இருக்கற வீடு இது."

அம்மா சொன்னதும் தப்பில்லை. இந்த இழுபறியை முடித்துவைத்தது தங்கைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைகூட வாராமல் வந்து நின்றாள்.

"திருப்புக்கா. ஒரு கொழந்தையோட பேரே இருந்தாலும் பரவால்ல. விளக்கு ஏத்தி வெச்சு மன்னிப்புக் கேட்டுக்கறேன். யாருன்னே தெரியாம பயந்துட்டுக் கெடக்க முடியல."

பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், கடப்பாரையோடு வந்தார். சித்தப்பாவையும் கூப்பிட்டனுப்பினேன். பிரச்சினையைக் கிளப்பியவர் அதைத் தூக்கவும் வேண்டும் அல்லவா? தங்கை பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் விபூதிச் சம்படத்தோடு நின்றாள்.

கல்லை மணல் பரப்பித்தான் பதித்திருந்தார் கொள்ளுத்தாத்தா. தாதா கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் லேசாக மேலே வந்தது. அடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பூரான் ஒன்று சரசரவென்று ஓடி வந்தது. முதலில் குதித்தவர் சித்தப்பா. மெதுவாகத் தூக்கச் சொல்லி "ஆராம் ஸே, ஆராம் ஸே" என்று தாதா கத்த, இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் புரட்டிச் சுவரோரம் படுக்கப் போட்டார்கள். அடிப்பக்கம் முழுவதும் ஈர மணல் அப்பியிருந்தது.

தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தேன். மணல் விலக விலக, கல் வழவழவென்று வெளுத்துக்கொண்டே வந்தது. திடீரென்று விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எழுத்து என்றே நினைத்தேன். கை நின்றுவிட்டது.

"என்னக்கா?" என்றாள் தங்கை.

மறுபடி தேய்த்தேன். பள்ளம் அகலமாகிக்கொண்டே போனது. எழுத்து இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு முட்டை வடிவக் குழி. அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வட்டம், ஈரப் பாத்திரம் நாள்கணக்கில் உட்கார்ந்த இடத்தில் விழும் மங்கலான பழுப்புத் தடம். மூலை முடுக்கெல்லாம் கையால் தடவினேன். ஒரு எழுத்துக்கூட இல்லை.

"மெழுகுவத்தி வெக்கற குழியா இருக்குமோ?" என்றார் சித்தப்பா, தன் கட்சியை விட மனமில்லாமல்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பயிற்சி வகுப்புக்காக ஒருமுறை பழைய அரசாங்க பங்களா ஒன்றில் தங்கியிருந்தோம். அறை மூலையில் மரச்சட்டத்தின் மேல் இதே போல ஒரு சலவைக்கல் பலகை. நடுவில் பூப்போட்ட பீங்கான் பேசின், அதில் ஒரு ஜாடி. ஓரங்களில் இதே குழிகள். வீட்டுக்குள் குழாய் இல்லாத காலத்தில் துரைமார்கள் காலையில் எழுந்து முகம் கழுவிய மேசை என்று அங்கிருந்த காவல்காரர் சொன்னார். எங்கள் தொட்டி விளிம்பில் பாதி கரைந்த நீலச் சோப்பு இருந்தது. எடுத்துக் குழியில் வைத்தேன். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"மூஞ்சி கழுவற மேசைடி இது" என்றேன். "இது சோப்பு வெக்கற எடம்."

"அப்ப கீழ யாரும் இல்லியா?"

"யாரும் இல்ல. சோப்பு மட்டும்தான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்து, சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நான் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. தாதாவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. இருந்தாலும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

"ஏம்மா, பின்ன எதுக்கு இது மேல உக்காரக் கூடாதுன்னே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சோப்பு மேலயே உக்காந்து பாவாடைய நாசம் பண்ணுவீங்க. வேற எதுக்கு?" என்றாள் அம்மா. சம்படத்தை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொள்ளுத்தாத்தா எதையும் மறைக்கவில்லை. வழவழப்பான பக்கத்தில் துணி நிற்காது, சொரசொரப்பான முதுகில்தான் அழுக்கு போகும் என்று கவிழ்த்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். என் பாடத்திலும் நாலாவது ஆள் ஒருவர் சேர்ந்தார். தூங்கி எழுந்து முகம் கழுவ வந்தவர். இப்போதெல்லாம் வகுப்பில் அவரைப் பற்றியும் சொல்கிறேன். "நான் அப்பவே நினைச்சேன், வேற எதாச்சும் இருக்கும்னு" என்று சித்தப்பா இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தங்கை மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வாயைத் திறந்துகொண்டு மாலைவரை தூங்கினாள். எழுந்ததும் ஒரே ஒரு உத்தரவு போட்டாள். சோப்புக் குழி மேலே தெரிகிற மாதிரிதான் கல்லைப் பதிக்க வேண்டும். அப்படியே பதித்தோம். அதன் பலனை நான்தான் அனுபவிக்கிறேன். அடித்த அடியில் துணி வழுக்கிக்கொண்டு தரையில் போய் விழுகிறது. ஆனாலும் மறுபடி திருப்பலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே அம்மாவின் பெட்டியைத் திறந்தாள். போன தடவை மடித்து வைத்த அந்த வேட்டித் துணிகள் அடியில் அப்படியே இருந்தன. யாருக்கும் அவற்றைத் தூக்கி எறியவும் மனம் வந்திருக்கவில்லை, தொடவும் மனம் வந்திருக்கவில்லை. அவள் அவற்றை மொத்தமாக அள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து என் முன்னால் போட்டாள்.

"பெட்டி வாசனை அடிக்குது. தொவைச்சுப் போடுக்கா" என்றாள்.

நான் துவைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி உதறிக் கொடுத்தாள், அம்மா கொடியில் போட்டாள். நல்ல வெயில். ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வெளியே வந்து, அந்தத் துணிகளில் ஒன்றில் சுற்றித் தங்கையின் மகளை என் கையில் கொடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனபோது நீலச் சோப்பு வாசனை அடித்தது.