மணிமேகலை வாடகை ஏற்றிய விதம்

மணிமேகலை துணி காயப் போடும்போது துணியைப் பார்ப்பதில்லை. கை தானாகப் புடவையைக் கொடியில் விரிக்கும். கண் தெருவுக்கு அந்தப் பக்கம், ராஜம்மாள் வீட்டு மாடியில் இருக்கும். அங்கே குடியிருக்கும் பெண்களும் ராஜம்மாளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எதற்கோ சிரிப்பார்கள். இவள் கையிலிருக்கும் கிளிப் துணியோடு சேர்த்து விரலையும் கடித்துவிடும்.

இருவருக்கும் ஆரணியில், ஒரே தெருவில், வாடகைக்கு விடும் வீடுகள். ஒரே தண்ணீர், ஒரே தறிச் சத்தம். வாடகைகூட ராஜம்மாள் வீட்டில்தான் சற்று அதிகம். இருந்தும் அங்கே குடிவந்தவர்கள் கிளம்புவதில்லை. இங்கேயோ 'டு லெட்' பலகையைக் கழற்றிவைக்க நேரமில்லை. "இன்னா சொக்குப்பொடி வெச்சிகினு இருக்கா அவ?" என்று கணவர் பாலுவிடம் கேட்பாள். பாலு பேப்பரைப் புரட்டுவார்.

மணிமேகலை கெட்டவள் இல்லை. குழாய் ஒழுகினால் அன்றே ஆள் வரும். குடியிருப்பவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவளே ஆட்டோவுக்கு ஓடுவாள். வாடகையை ஏற்றுவதாகச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு வாய் கூசும். அந்தக் கூச்சத்தை மறைக்கக் குரலை உயர்த்துவாள். மோட்டார் போட வந்த சாக்கில், மாடிப்படியில் நின்று, முகம் பார்க்காமல், "அடுத்த மாசத்துலேந்து ஆயிரம் சேத்துக் குடுத்துடுங்க" என்பாள். சொன்னதும் ஜல்தியாக மேலே ஏறிவிடுவாள்.

போன வருஷம் இங்கே குடியிருந்த அகல்யாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அகல்யா வீட்டிலிருந்தே போன் மூலம் பட்டுப்புடவை விற்பவள். அன்று அவளுடைய சொந்தக்காரர்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மாதக் கடைசியில் அகல்யா காலி செய்தாள். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனைவரைகூடப் போகவில்லை. தெருவைக் கடந்து ராஜம்மாள் வாசலில் போய் நின்றது.

மணிமேகலைக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிறகொரு நாள் காய்கறி வண்டியருகே அகல்யாவை மடக்கி, அங்கே மட்டும் வாடகை ஏறாதா என்று கேட்டேவிட்டாள்.

"ஏறும்க்கா. தை மாசம் ஏத்தணும்னா ஐப்பசிலயே வீட்டுக்கு வந்து, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சொல்லிடுவாங்க. எவ்ளோ, எப்பலேந்துன்னு எழுதியும் குடுத்துடுவாங்க. கட்டலைன்னா வேற வீடு பாக்க டைம் இருக்குல்ல?" அகல்யா தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஏத்தினது தப்பில்லக்கா. பந்தியில சொன்னீங்க."

அந்தக் கடைசி வார்த்தை மணிமேகலையை அரித்தது. இவ்வளவு சின்ன விஷயம் ராஜம்மாளுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போனது அதைவிட அரித்தது.

இந்த ஐப்பசியில் கீழ்வீட்டு ஜெயவேலுக்கு வாடகை ஏற்ற வேண்டிவந்தது. புடவைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர் அவர். அவரும் மனைவி பவித்ராவும் சேர்ந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிமேகலை போனாள். உட்கார்ந்தாள். தையிலிருந்து எவ்வளவு, எதனால் என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். ஜெயவேல் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்துத் தாளிலேயே திருத்தினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பவித்ரா காபி கொண்டுவந்தாள்.

"இப்படி முன்னாடியே சொல்லிட்டா எங்களுக்கும் பேஜார் இல்லீங்க" என்றார் ஜெயவேல். "எதிர்வீட்டு ராஜம்மாக்கா மாதிரியே பண்றீங்க."

டம்ளரை வாங்கப் போன கை பாதியில் நின்றது. திறந்த கதவு வழியே பார்த்தாள். எதிரே ராஜம்மாள் வாசலில் நின்று பூ வாங்கிக்கொண்டிருந்தாள்.

மணிமேகலை எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியை ஒட்டி, தெருவைப் பார்க்கப் போட்டாள். பவித்ராவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு டம்ளரை வாங்கி, சற்று உயர்த்திப் பிடித்து, காபியை மெல்ல மெல்ல ஆற்றிக் குடித்தாள்.