நியாண்டர்தால் வகுப்புக்காகச் சண்டை போட்ட எஸ்தர் டீச்சர்

நேற்றுக் காலை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாவீது போன் செய்தார். எஸ்தர் டீச்சரின் தம்பி, மளிகைக்கடை வைத்திருப்பவர். "சார், அக்கா போயிட்டா. ஸ்பெஷல் கிளாஸுன்னு சிவகிரி பஸ்ஸுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா. நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தா. அம்புட்டுதான்" என்றார்.

அழுகைதான் முதலில் வந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழு அதற்கு விடவில்லை. கொஞ்ச நேரத்திலேயே தாளாளர் ஒரு படம் போட்டுவிட்டார். டீச்சரின் பழைய புகைப்படம், பக்கத்தில் மெழுகுவத்தி, கீழே: "பிறவி மேதைக்குக் கண்ணீர் அஞ்சலி. அறிவு இவர் ரத்தத்திலேயே ஊறியது." அவரை வேலையை விட்டு அனுப்பி ஓராண்டுகூட ஆகவில்லை. அறிவு ரத்தத்தில் ஊறுகிறது என்ற பேச்சை எதிர்த்தார் என்பதற்காகத்தான் அனுப்பினார்கள். அதையே எடுத்து அவருக்கு மாலையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் ஆறும் முன்பே இதை எழுதுகிறேன். அஞ்சலியில் கோபம் தகாது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்தர் டீச்சர் விலங்கியல் ஆசிரியை. நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். திங்கட்கிழமை பரிணாமம் நடத்துவார். இரண்டும் எப்படி டீச்சர் ஒத்துப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "ஆண்டவர் மண்ணப் பெசஞ்சாருன்னு எழுதியிருக்கு. எவ்வளவு காலம் பெசஞ்சாருன்னு நான் கேக்கலாம்லா?" என்றார்.

அழிந்துபோன மனித இனங்களின் எலும்பிலிருந்து மரபணுவைப் படிக்கிறார்கள் என்ற செய்திகள் வரத் தொடங்கியபோது அவர் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நியாண்டர்தாலுக்கும் நமக்கும் மூளை விஷயத்தில் எங்கே வித்தியாசம் என்று தேடித் தேடிப் படித்தார். படித்ததைப் பதினொன்றாம் வகுப்பில் எப்படி நடத்தினார் என்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பூ மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரம் இரண்டைக் கையில் பிடித்திருந்தார். ஒன்றில் ஒரே ஒரு மல்லியை உருவிவிட்டு அந்த இடத்தில் ஒரு கனகாம்பரத்தைச் செருகினார்.

"ஒடம்புல இருக்க புரதம் இந்தச் சரம் மாதிரி. முழுக்க மல்லியா இருக்கது நியாண்டர்தாலோடது. இது நம்மளோடது. ஒரே ஒரு பூதான் வித்தியாசம். அந்த ஒரு பூவால, வயித்துல இருக்க பிள்ளையோட மூளையில நரம்பு செல் கூடுதலா உண்டாகுதுன்னு சொல்லுதாவ. இப்படி இன்னும் சில வித்தியாசம் உண்டு. எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது."

"அப்போ நியாண்டர்தால் மண்டு, அப்படித்தான டீச்சர்?" என்றான் ஒருவன்.

"எவம்ல சொன்னான்? அவன் மூளையும் நம்ம மூளை அளவு பெருசுதான். பனியில நெருப்பு மூட்டிப் பொழச்சவன். எலும்பு ஒடிஞ்சு கெடந்த ஆளையும் வச்சுக் காப்பாத்தியிருக்கான். நீ மொதல்ல பக்கத்துல இருக்கவனுக்கு ஸ்கேல் குடுப்பியா?"

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. "இந்தக் கனகாம்பரம் அநேகமா ஒலகத்துல இருக்க எல்லாருக்கும் உண்டு. எங்கேயோ சிலபேருக்குப் பழைய மல்லியே இருந்தாலும் அவுகளும் நம்மள மாதிரிதான் நடமாடுதாவ. அதனால எங்க ஆளுக, ஒங்க ஆளுகன்னு இத வச்சு எவனும் அளக்க முடியாது. அளந்தா என்கிட்ட வந்து சொல்லுங்க."

அளக்கிறவர்கள் போன ஜூன் மாதம் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் எச்சிலைப் பஞ்சில் தொட்டு எடுத்துப் போனார்கள். பளபளப்பான தாளில் ரிப்போர்ட் வந்தது. ‘அறிவு ஜீன்’ என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. தாளாளர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பிரிவுகளைப் பிரித்தார். ‘இல்லை’ என்று வந்தவர்கள் எல்லாம் சி பிரிவு; மற்றவர்கள் ஏ, பி. அவர்களுக்கு உயிரியல் கிடையாது. பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுவாரமே சி பிரிவுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்: நியாண்டர்தால் வகுப்பு. பிள்ளைகளை விடுங்கள். ஆசிரியர் அறையில் பெரியவர்களும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று எஸ்தர் டீச்சர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. "என் வாயில இருந்து போன வார்த்த சார். அத எடுத்து இந்தப் பிள்ளைகள அடிக்காவ" என்றார். முத்துமாரி என்று ஒரு பெண், தறி ஓட்டுகிறவர் மகள், பத்தாம் வகுப்பு அறிவியலில் முதலாவதாக வந்தவள். அவளும் சி பிரிவில்தான் இருந்தாள். "டீச்சர், நான் நெசமாவே அப்படித்தானா?" என்று அவள் கேட்டாளாம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மல்லிகைச் சரத்தைக் கட்டிக் காட்டினாராம் டீச்சர்.

பெற்றோர் கூட்டத்தில் கம்பெனி இளைஞர் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்தார். "தம்பி, அந்த ஜீனோட பேர இன்னொரு தடவ சொல்லுங்க." அவர் சொன்னார். டீச்சர் பூச்சரத்தில் காட்டிய புரதத்தை உண்டாக்கும் அதே ஜீன். எந்த வித்தியாசம் நம்மை நியாண்டர்தாலிடமிருந்து பிரிக்கிறதோ அதையே திருடி, பிள்ளைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்க விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இது இங்கன உக்காந்திருக்க எல்லாருக்கும் இருக்குத ஜீன் தம்பி. எனக்கும் உண்டு, கரஸ்பாண்டன்ட் சாருக்கும் உண்டு. இல்லாதவுக கூட்டம்னா அது நியாண்டர்தால் கூட்டம்தான். அவுக அழிஞ்சு எத்தனையோ ஆயிரம் வருசம் ஆச்சு. ஒரு வகுப்பு நெறய அவுக சங்கரன்கோவில்ல அட்மிஷன் வாங்கியிருக்காவன்னா, நீங்க எதுக்கு இங்கன நிக்கீய? ஒலகத்துக்கே போன் போட்டுச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. முத்துமாரியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அப்போ என் பிள்ளை ரிப்போட்டு பொய்யா டீச்சர்?" என்று கேட்டார்.

"ரிப்போட்டுதான் பொய் அண்ணாச்சி. பிள்ளை நெசம்."

அந்த வாரமே டீச்சரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நிர்வாகத்தை அவமதித்தாராம். கம்பெனிக்காரர் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். பிரிவுகள் மட்டும் பிரித்தது பிரித்தபடி இருந்தன. டீச்சர் சிவகிரியில் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்து, இந்த வயதில் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வந்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டார். "சி செக்‌ஷனக் கலைச்சாச்சா சார்?" என்றுதான் கேட்பார். "இல்ல டீச்சர்" என்பேன். "கலைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார். நானும் தாளாளரிடம் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொன்னேன். "பாப்போம் சார்" என்றே ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார்.

இன்று மதியம் அடக்கம். ஊர் பேசும் என்று பயந்து தாளாளர் ஆள் உயர ரோஜா மாலையோடு வந்தார். பள்ளி வேனில் பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து அவர்கள் நின்ற விதத்தைப் பார்த்தேன். ஏ பிரிவு பெட்டிக்குப் பக்கத்தில். அடுத்து பி. சி பிரிவுப் பிள்ளைகள் சுற்றுச்சுவர் ஓரமாக, கடைசியில். செத்த பிறகும் டீச்சரை நிம்மதியாக விடவில்லை இவர்கள்.

"ஏலே, வரிசையக் கலைங்கலே! எல்லாரும் கலந்து வாங்க!" என்று கத்தினேன். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சார், செத்த எடத்துல எதுக்கு இந்தப் பிரச்சனை?" என்று தாளாளர் பல்லைக் கடித்தார். "நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க."

"வாரேன்" என்றேன். "பிள்ளைகளோட அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள். முத்துமாரிதான் சுவரை விட்டு முதலில் நகர்ந்தாள். அவள் கையில் மல்லிகைச் சரம். நடுவில் ஒரே ஒரு கனகாம்பரம். அவளுக்குப் பின்னால் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். தினமும் இவர்களுக்குப் பாடம் எடுக்கிற எனக்கே யார் ஏ, யார் சி என்று அந்தக் கூட்டத்தில் தெரியவில்லை. பெட்டியை மூடப் போனார்கள். நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் சொல்ல முடியாத பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

"கலைச்சாச்சு டீச்சர். போயிட்டு வாங்க."