கட்டில் கம்பியில் செய்த பம்பர்

என் தங்கச்சி புருஷனை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வேறு யாராவது எழுதினால் நல்லவர், சாது என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தனி ஆளாக ஒரு பட்டறை போட்டு, இந்த வட்டாரத்தில் பாதிப் பேரை என் இரும்புக் கட்டிலில் தூங்க வைத்தவன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மனிதர் பயந்த சுபாவம். சாலையைக் கடக்க நின்றால், தூரத்தில் வருகிற சைக்கிளும் போகட்டும் என்று காத்திருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஆயுசில் ஒரே ஒரு துணிச்சலான காரியம் செய்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். கண்ணாடி துடைக்கிற சின்ன மஞ்சள் துணியால்தான் அதைத் துடைப்பார். பின்பக்கம் துடைத்து முடிப்பதற்குள் முன்பக்கம் தூசி படிந்திருக்கும். மறுபடி முன்னால் போவார்.

கார் அழகுதான், பம்பரைத் தவிர. ஏதோ ஒரு தேசத்துச் சட்டத்துக்காகக் கம்பெனிக்காரன் முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர் போர்த்திய இரண்டு தடிக் கட்டைகளை வைத்திருந்தான். சின்ன முகத்தில் பெரிய மீசை ஒட்டியது போல இருக்கும். போன வருஷம் பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுபோனபோது, அதை நடத்துகிற சங்கத்துச் செயலாளர் அந்த மீசையைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே என் தங்கச்சி சொல்லிவிட்டாள். "அடுத்த வருசம் சேத்துக்கிட்டா வச்சுக்குங்க. மறுபடி திருப்பி விட்டா வித்துரணும். ஷெட்டுல என் தையல் மெஷின் வந்துரும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். அவளிடம் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

மெல்லிய பம்பர் வெளிநாட்டிலிருந்து வரும் என்றார்கள். விலையைப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே விலைதான் இருந்தது. நேராக என் பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், கொறஞ்ச செலவுல ஏதாவது பண்ண முடியுமா?"

"கட்டில் செய்யுறவனுக்கு பம்பர் என்ன பிரமாதம் மாப்பிள்ளை? எவர்சில்வர் குழா கிடக்குது. ஆள் ஏறிப் படுத்தாலும் தாங்கும்."

"பம்பர் மேல யாரும் படுக்க மாட்டாங்க மச்சான்."

"படுத்தாலும்னுதான் சொன்னேன்."

பழைய பம்பரைக் கழற்ற நானும் என் ஆட்களும் பட்ட பாடு சொல்லி மாளாது. ரப்பருக்குள்ளே ரயில் தண்டவாளம் மாதிரி இரும்பு. இறக்கி வைத்ததும் ஆட்கள் அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். குழாயை வளைத்தது, தாங்கிகளைப் பற்றவைத்தது, மெருகு ஏற்றியது எல்லாம் நானே. இந்தக் கைக்கு அளவுகோல் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அங்கேதான் கை தன் வழக்கத்தைக் காட்டிவிட்டது. ஊர்வலத்தன்று காலையில் மாட்டிப் பார்த்தால், முன் பம்பர் சரியாக இரண்டு விளக்குகளின் மேலே குறுக்கே நிற்கிறது. பின் பம்பர் ஒழுங்காகக் கீழே இருக்கிறது.

மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்தார். "மச்சான், வண்டிக்கு மூக்குக் கண்ணாடி போட்டுட்டீங்களே."

"தலைமாடு ஒசரமாத்தானே மாப்பிள்ளை இருக்கணும்? கால்மாடு தாழ்வா."

"இது கட்டில் இல்ல மச்சான்."

அதற்குள் தங்கச்சி வந்துவிட்டாள். "தலகாணி எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் துணியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிரேதத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் போல நின்றார்.

புதுசாகச் செய்யக் குழாயும் இல்லை, நேரமும் இல்லை. நான் யோசித்தேன். படித்தவனாக இருந்தால் யோசித்துக்கொண்டே இருந்திருப்பான். நான் ஸ்பானரை எடுத்தேன். பின்னால் இருந்த கால்மாட்டைக் கழற்றி முன்னால் மாட்டினேன். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டது. தலைமாட்டைப் படுக்கைவாட்டில் டிக்கி மூடிமேல் வைத்து முடுக்கினேன். பின்னால் பம்பர் இல்லை. ஆனால் டிக்கிமேல் ஒரு ராஜ களை வந்துவிட்டது.

ஊர்வல மைதானத்தில் செயலாளர் முன்பக்கம் பார்த்தார், தலையசைத்தார். பின்பக்கம் வந்து நின்றார்.

"இது என்ன?"

"பெட்டி வைக்கிற கம்பி சார்," என்றேன். "தூரப் பயணத்துக்கு."

"அது சரி. பின் பம்பர் எங்க?"

மாப்பிள்ளைக்குப் பொய் வராது. நெற்றியில் வியர்வைதான் வந்தது. வண்டி கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். அப்போது தங்கச்சி முன்னால் வந்தாள்.

"எதுக்கு சார் பின்னால பம்பர்? இவர் ஓட்டுற வேகத்துக்குப் பின்னால வர்றவங்க இடிக்க மாட்டாங்க. எறங்கி நடந்தே தாண்டிப் போயிருவாங்க."

செயலாளர் முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். "போங்க, வரிசையில போய் நில்லுங்க," என்று ஒரு நம்பர் அட்டையை நீட்டினார். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் போனதும் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டேன். "நீதானம்மா விக்கணும்னு நின்னே?"

"ஆமா. அவர நான் திட்டுவேன், வண்டியையும் நான் தொரத்துவேன். வெளியாள் எவனோ எதுக்குத் தொரத்தணும்?" என்றாள்.

ஷெட்டில் இப்போது காரும் இருக்கிறது, ஓரமாகத் தையல் மெஷினும் இருக்கிறது. அவள் உட்கார்ந்து தைப்பது அந்தக் கறுப்பு ரப்பர் பம்பர்மேல். நாற்காலியைவிட மெத்தென்று இருக்கிறதாம்.

செயலாளரும் தன் காருக்கு அதே மாதிரி பெட்டிக் கம்பி வேண்டுமென்று பட்டறைக்கு வந்தார். கையில் அளவு குறித்த துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதெல்லாம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஒரு தலைமாடு செய்து கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.