புகைக்காத அப்பாவும் நாற்பத்தொரு பைப்புகளும்

எங்கள் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு இன்னமும் ஒரு சந்தேகம் இருப்பது எனக்குத் தெரியும். அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். அப்பா புகை பிடித்ததில்லை. ஒருநாளும் இல்லை.

கிள்ளையில் பிறந்து, தினமும் சைக்கிள் மிதித்துச் சிதம்பரத்தில் படித்து, அந்த ஊரிலேயே பல் மருத்துவரானவர் அப்பா. பல்லைக் காட்ட யார் வந்தாலும் முதலில் புகையிலையை விடச் சொல்வார். கடலூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல், தான் புகைக்கும் பழைய இங்கிலாந்து பைப்பை அப்பாவின் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டையில் கடைந்தது அது. குப்பையில் போட எடுத்த அப்பா, அந்த மரத்தின் வரிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பிறகு புதுச்சேரியின் பழம்பொருள் கடைகளில் தேடித்தேடி நாற்பத்தொன்று சேர்த்தார்.

பல்லில் காறை எடுக்கும் கருவியால்தான் பைப்பின் கரியைச் சுரண்டுவார். அதற்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார் என்பதை, அவரிடம் பல் காட்டியவர்களின் நிம்மதிக்காக இங்கே சொல்கிறேன். வாயில் வைக்கும் கறுப்புக் குழாயில் பதிந்திருக்கும் பல் தடத்தை லென்சில் பார்த்து, “இந்தத் தொர இடப்பக்கமே கடிச்சிருக்காரு. வலப்பக்கம் கடவாப்பல்லு ஆடியிருக்கும், பாவம்” என்பார்.

எனக்கு வரன் பார்த்தபோது, அண்ணாகிராமத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பைப் அலமாரி பட்டுவிட்டது. கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் தரகர் வந்து, “டாக்டரு வூட்ல புகைவண்டி ஓடுதுன்னு அவுங்க பேசிக்கறாங்க” என்றார். அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அம்மா அலமாரிச் சாவியை அப்பாவிடம் நீட்டி, “இதுங்களா, பொண்ணு கல்யாணமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

அப்பா சாவியை வாங்கி அலமாரியைத் திறந்தார். நாற்பத்தொன்றையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு அண்ணாகிராமத்துக்கு பஸ் ஏறினார். அந்த வீட்டுக் கட்டிலில் பைப்புகளைப் பரப்பி, ஒவ்வொரு துரையின் பல் கதையையும் சொன்னார். மாப்பிள்ளையின் தந்தை, அதாவது என் மாமா, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அங்கேதான் வினை வந்தது. திறந்த வாயைப் பார்த்ததும் அப்பா தொழில் பழக்கத்தில், “ஐயா, பீடிய நீங்களும் இடப்பக்கமே வச்சி இழுக்கறீங்க. இன்னிக்கிக் காலைல கூட இழுத்திருக்கீங்க” என்றார்.

மாமா பீடியை விட்டுவிட்டதாகச் சொல்லிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் முந்திரித் தோப்புக்குத் தவறாமல் காவல் போன காரணம் என் மாமியாரான அத்தைக்கு அன்றுதான் விளங்கியது. சம்பந்தம் முறிந்தது என்று நினைத்து அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அத்தை வாசலில் மறித்துக்கொண்டார்.

“ஒக்காருங்கண்ணா. இந்த வூட்டுக்கு இப்பிடி ஒரு சம்பந்தி இல்லாமதான் இவரு ஆடறாரு.”

கல்யாணம் நடந்தது. மாமா ஆறு மாதம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு அவராகவே சிதம்பரம் வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பீடியை விட்ட நாட்களில் காலி பைப் ஒன்றைக் கடித்தபடி தோப்பில் உலாவினார்.

அப்பாவின் கடைசி வாரம் கடலூர் மருத்துவமனையில் கழிந்தது. மூச்சு வாங்கும்போதும் செவிலியரிடம் அவருடைய ஈறைப் பற்றி விசாரித்தார். பொறுமையாகப் பதில் சொன்ன அவருக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், இரவு பகலாகத் துணையிருந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி.

அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான மும்பைச் சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருமாதிப் படையலில் அவர் கலங்கிய கண்களோடு ஒரு டப்பா புகையிலையும் தீப்பெட்டியும் கொண்டுவந்து வைத்து, “அண்ணன் ஆசையா புடிச்சது” என்றார். அம்மா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இலையில், இட்லிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“வாங்கியாந்த மனசுக்காவ இருக்கட்டும்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “தீப்பெட்டிய மட்டும் எடுத்துடு.”