கண்ணாடி இல்லாத கூண்டு

கிளெம் ஓல்ட்ராய்டுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்துறைக்குப் பின்னாலேயே பிறந்து, காட் மீனின் வயிற்றைக் கிழித்தே வளர்ந்தவனுக்கு இப்படியொரு தலைவிதி. கரையைவிட்டுக் கப்பல் நகர்ந்தால் போதும், குடலே வெளியே வந்துவிடும். அதனால் போர் வந்தபோது கடற்படை வேண்டாம், ஆகாயப்படைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். அங்கேயும் வாந்திதான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

குண்டு விமானங்களுக்கு ஆள் சேர்க்கிற முறையே வேடிக்கையானது. எல்லாரையும் ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, தேநீரைக் கொடுத்து, "நீங்களே பார்த்து யார் யாரோடு போவது என்று பேசிக்கொள்ளுங்கள்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கல்யாணத்துக்கே இதைவிட விசாரிப்பார்கள்! கிளெம் சுவரோரமாக நின்றான். செம்பட்டை முடியோடு ஓர் ஆஸ்திரேலிய விமானி நேராக வந்தான். பெயர் மெர்வ் டன்ஸ்டன், ஆட்டுப் பண்ணைக்காரன்.

"ஏய், நீ பின்னாடி உக்கார்ற துப்பாக்கிக்காரன்தானே? கண்ணு எப்பிடி?"

"கண்ணு பரவால்ல. வயிறுதான் சரியில்ல."

"வயிறு உன் பாடு. கண்ணுதான் எனக்கு வேணும். வா."

அவ்வளவுதான் சம்பந்தம் முடிந்தது. ஏழு பேர் ஆனார்கள். லங்காஸ்டர் விமானம் ஒன்று கிடைத்தது. அதற்குக் குவீனி என்று பெயர். லிங்கன்ஷையரின் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்த தளத்திலிருந்து இரவுதோறும் ஜெர்மனிக்குப் போனார்கள். விமானத்தின் வால் நுனியில், பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட ஒரு கூண்டில், முதுகை மற்ற ஆறு பேருக்கும் காட்டிக்கொண்டு கிளெம் உட்கார்ந்திருப்பான். அந்த உயரத்துக் குளிரில் மூச்சுக்காற்றே முகமூடியில் பனியாக உறையும்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம். வாலில் இருப்பவன் "திருகு!" என்று கத்தினால் விமானி அந்தக் கணமே விமானத்தைச் சரித்து, கீழே பாய்ந்து, திருகு சுற்றுகிற மாதிரி மேலேறி இறங்க வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. அந்த ஒரு நேரத்தில் விமானத்துக்குத் தலைவன் விமானி அல்ல, வாலில் உட்கார்ந்திருப்பவன்தான். கேள்வி கேட்ட விமானிகள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய கட்டில்களில் இப்போது வேறு ஆட்கள் படுத்திருந்தார்கள்.

வினை வந்தது ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் ஊர் ஒன்றின் மேல். குண்டு போடுகிறவன், ஐவர் என்று பெயர், முன்மூக்கில் குப்புறப் படுத்து, "இடது... கொஞ்சம் இடது... அப்பிடியே இரு..." என்று குறி பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கிளெமின் கண்ணில் வலப்புறமாக ஒரு கறுப்புப் புள்ளி பட்டது.

"வலது பக்கம் திருகு! இப்பவே!"

மெர்வ் சாய்த்தான். அந்தக் குலுக்கலில் ஐவரின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. விமானம் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அந்தப் புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தச் சண்டை விமானமும் இவ்வளவு விசுவாசமாகப் பின்னால் வராது என்று கிளெமுக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சினிலிருந்து தெறித்த எண்ணெய், கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"ஸ்கிப்பர்," என்று மெர்வைக் கூப்பிட்டான், வாந்தியை விழுங்கிக்கொண்டு. "அது அழுக்கு."

ஐவர் வாய்க்கு வந்தபடி திட்டியதை வீடு வரைக்கும் எல்லாரும் கேட்டார்கள்.

குண்டு விழும்போது விமானமே ஒரு படம் எடுக்கும். மறுநாள் கழுவிப் பார்த்தால் தொழிற்சாலை இல்லை, ஊர் இல்லை. அருமையான கிழங்கு வயல். சாப்பாட்டுக்கூடமே சிரித்தது. "என்னடா மீன்காரா, ஹிட்லரோட கிழங்க ஒழிச்சிட்டியாமே!" என்றான் ஒருவன். கிளெமுக்கு ஏற்கெனவே இப்படி ஒருமுறை ஆகியிருந்தது. அதனால் தளத்துப் படைப்பிரிவின் தலைவர், விங் கமாண்டர் ஆஷ்கிராஃப்ட், சிரிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் பறந்தவர்தான். எதிரியின் இரவுச் சண்டை விமானங்கள் அபூர்வமாக இருந்த காலத்தில்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார். "உனக்கு நடுக்கம் வந்துருச்சு, ஓல்ட்ராய்ட்."

"இல்ல சார்."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இனிமே நல்லா உறுதி பண்ணிக்கிட்டுத்தான் கத்துவேன்னு. இதோட விட்டுர்றேன். இல்லன்னா நீ கோழைன்னு எழுதி அனுப்ப வேண்டியதுதான். சாயங்காலம் வரைக்கும் யோசி."

கோழை என்று எழுதினால் என்ன ஆகும் என்று தளத்தில் எல்லாருக்கும் தெரியும். அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, கைப்பட்டையையும் நெஞ்சிலிருக்கும் சிறகுச் சின்னத்தையும் பிய்த்தெடுப்பார்கள். பிறகு ஏதாவதொரு முகாமில் கக்கூஸ் கழுவ வேண்டும். கிரிம்ஸ்பியில் அப்பா தலை நிமிர்ந்து மீன்துறைக்குள் நடக்க முடியாது. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று கிளெமுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சொன்னால் அதன்படி நடக்க வேண்டும். உறுதி செய்துகொள்ளக் காத்திருக்கிற நேரத்தில் ஏழு பேரும் எரிந்துவிடுவார்கள்.

நேராகக் குவீனியிடம் போனான். பெர்ஸி ஏணியில் நின்று கூண்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குவீனியைப் பராமரிக்கிறவன் அவன். பாவம், அழுக்குக்குத் தானே காரணம் என்று முகம் செத்திருந்தது.

"ரம்பம் இருக்கா?"

"எதுக்கு?"

"இந்த நடுக்கண்ணாடிய அறுத்து எடுத்துரலாம். கண்ணாடியே இல்லன்னா அழுக்கு எதுல ஒட்டும்?"

"பைத்தியமாடா உனக்கு? காத்து மூஞ்சிய உரிச்சிரும். அதோட இது ராஜாவோட சொத்து!"

"ராஜா வந்து உக்காந்து பாக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம். எடு ரம்பத்த."

அறுத்தார்கள். பெர்ஸி திட்டிக்கொண்டேதான் அறுத்தான்.

சாயங்காலம் விமானத்தடியிலேயே ஆஷ்கிராஃப்ட் காரில் வந்து இறங்கினார். கூடவே கிளெமுக்குப் பதிலாகப் போக வேறொரு துப்பாக்கிக்காரன். கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"இது என்ன?"

"காத்தோட்டம் சார்," என்றான் மெர்வ்.

அவர் கிளெமிடம் திரும்பினார். "சொல்றியா இல்லையா?"

"மாட்டேன் சார். நேத்து நான் பாத்தது அழுக்கு, ஒத்துக்குறேன். இன்னிக்கும் அழுக்கப் பாத்தா கத்துவேன். நாளைக்கும் கத்துவேன். என்ன வேணா எழுதிக்கோங்க."

"சரி. டன்ஸ்டன், இவனுக்குப் பதிலா இந்தாளக் கூட்டிட்டுக் கிளம்பு."

மெர்வ் புதியவனைப் பார்த்தான். "தம்பி, பின்னாடி எதாவது தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

அவன் விங் கமாண்டரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "நல்லா உறுதி பண்ணிக்கிட்டு..." என்று ஆரம்பித்தான்.

மெர்வ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான். அடுத்து உட்கார்ந்தது ஐவர்! காலையிலிருந்து "மீன்நாத்தம் பிடிச்சவனே" என்று கிளெமைத் திட்டித் தீர்த்த அதே ஐவர்.

"என் படத்தக் கெடுத்தவன் சார் இவன்," என்றான். "ஆனா அதத் திட்டுறதுக்கு நான் உயிரோட இருக்கேன் பாருங்க." மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

இது கலகம். எல்லாரையும் சிறையில் தள்ளலாம். ஆனால் அன்றிரவு பறக்கக்கூடிய ஒவ்வொரு விமானமும் போயே ஆக வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆஷ்கிராஃப்ட். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் புதியவனையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

மேலே போனதும் குளிர் நேராக முகத்தில் அறைந்தது. கிளெமுக்கு முதலில் வலித்தது, பிறகு கன்னம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை. குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இடப்புறம் கீழே, இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏதோ இருட்டியது. மேகமா? புகையா? தெரியவில்லை.

"இடது பக்கம் திருகு!"

சொல்லி முடிக்கும் முன்பே குவீனி சாய்ந்தாள். அவர்கள் இருந்த இடத்தில் நெருப்புக் கோடுகள் பாய்ந்து போயின. மெர்வ் மறுபடி மறுபடி திருகினான். கிளெம் முகமூடியை விலக்கி வாந்தியெடுத்துவிட்டு மறுபடி துப்பாக்கியைப் பிடித்தான். அந்த நிழல் பிறகு வரவில்லை. அவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

விடிந்ததும் வழக்கமான விசாரணை. மேசைக்கு அந்தப்பக்கம் ஆஷ்கிராஃப்ட் நின்றிருந்தார். நெருப்புக் கோடுகளைப் பற்றி ஆறு பேரும் சொன்னதைக் கேட்டார். பிறகு கிளெமைப் பார்த்தார். கன்னம் வெள்ளை வெளேரென்று செத்துப்போயிருந்தது. உதடு விறைத்திருந்தது.

"ஆக, இந்தத் தடவ உறுதி பண்ணிக்கிட்டுத்தான் கத்தினே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இல்ல சார்," என்றான் கிளெம்.

ஆஷ்கிராஃப்ட் பெர்ஸியைக் கூப்பிட்டனுப்பி, அந்த ரம்பத்தை மற்ற விமானங்களுக்கும் எடுத்துப் போகச் சொன்னார்.

குவீனியின் ஏழு பேரும் தங்களுக்கு விதித்த பயணங்களையெல்லாம் உயிரோடு முடித்தார்கள். கிளெம் கிரிம்ஸ்பிக்குத் திரும்பி, மறுபடியும் மீன் கிழித்தான். இடது கன்னத்தில் கடைசிவரை உணர்ச்சி வரவில்லை; சவரக்கத்தி வெட்டினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். மதுக்கடையில் யாராவது, "எத்தன விமானத்தச் சுட்டு வீழ்த்தின?" என்று சீண்டுவார்கள்.

"ஒண்ணுகூட இல்ல," என்பான். "ஒரு கிழங்கு வயலும், ஒரு கண்ணாடியும்தான். ஏழு பேரும் வீட்டுக்கு வந்தோம். உனக்கு இன்னும் என்னடா வேணும்?"