குல்மார்க் போவதற்கு முன்னால் ஒரு ஓடை

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கல்வராயன் மலையில் ஒரு ஓடைக்கரையில் நடந்தது இது. ஆனால் அதன் தொடக்கம் அதற்கு நாலு மாதம் முன்பு, கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் தையல் கடையில்.

என் நாத்தனார் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் இமயமலைப் பக்கம் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு வந்தவள். ஒரு நாள் கடைக்கு வந்து, தான் சறுக்கும் வீடியோவைக் காட்டினாள். வெட்டிக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியை அப்படியே வைத்துவிட்டு நாலு தடவை பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஏற்காட்டைத் தாண்டிய குளிரை நான் பார்த்ததில்லை. "அடுத்த தடவ நீங்களும் வாங்களேன் அண்ணி" என்று அவள் பேச்சுக்குச் சொன்னாள். நான் நிஜமாகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "எனக்கும் சேத்துதான டிக்கெட் போடுறீங்க?" என்றார்.

அன்றைக்கே கடையில் இருந்த நீள நோட்டு ஒன்றை எடுத்துத் திட்டம் எழுத ஆரம்பித்தேன். திட்டம் போடுவது இவ்வளவு இனிப்பான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாசி மாதம், இமயமலையில் இருக்கும் குல்மார்க். அங்கே ஒரு வழிகாட்டியைப் பிடித்திருந்தாள் நாத்தனார். அவர் போனில் சொல்லச் சொல்ல, அவள் தமிழில் சொல்வாள், நான் எழுதுவேன். முதல் ஆறு நாள் ஓட்டலுக்குப் பக்கத்துச் சரிவில், பயிற்சியாளரோடு. ரோப் காரில் மேலே போய்ச் சறுக்கிக்கொண்டு இறங்கலாம். ஏழாம் நாள், எங்கள் கால் தேறியிருந்தால், ஊரை விட்டு விலகி, ஆள் மிதிக்காத பனிக்குக் கூட்டிப்போவார். அங்கே ரோப் கார் கிடையாது. சறுக்குப் பலகையின் அடியில், வழுக்காமல் இருக்க, ரோமம் வைத்த பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். என் மனசு அந்த ஏழாம் நாளில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கு அந்த வழிகாட்டி மூன்று கட்டளை போட்டார். ஒன்று, முதுகில் சுமையோடு மலை ஏறிப் பழக வேண்டும். இரண்டு, பனிச்சரிவில் யாராவது புதைந்தால் தேடி எடுக்கப் பழக வேண்டும். மூன்று, கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டால் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மூன்றாவதை நான் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

புதைந்தவர்களைத் தேடும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் என் கணவர் மணலூர்பேட்டையில் என் அம்மா வீட்டு வைக்கோல் போரில் போனை டப்பாவில் போட்டுப் புதைத்துவிட்டார். நானும் நாத்தனாரும் ரிங் விட்டு, போரில் காதை வைத்து வைத்துத் தேடினோம். கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "இன்னாத்த தேடிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். பனியில் புதைந்தவர்களை என்றாள் நாத்தனார். அவர் நேராக என் அம்மாவிடம் போய், இரண்டு பேருக்கும் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலை. விடியற்காலை முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக மேலே போய் இறங்குவோம். ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாரமும் ஒரு குன்றில் ஏறுவோம். முதல் வாரம் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வாரம் நான்தான் முன்னால் போனேன். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

அந்த ஐப்பசி ஞாயிறு நாங்கள் தேர்ந்தெடுத்தது, அதுவரை ஏறியதிலேயே உயரமான குன்று. அடிவாரத்தில் ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி கடந்தோம். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு அடித்தபோது உச்சி கண்ணுக்கு முன்னால் நின்றது. மேற்கே வானம் கறுத்திருந்தது. கணவர் மணியைக் காட்டினார். நாத்தனார், "அண்ணி, நீங்களே எழுதுன ரூல்" என்றாள். இன்னும் கால் மணி நேரம்தான் என்றேன் நான். குல்மார்க்கில் இப்படித்தான் பாதியில் திரும்புவீர்களா என்றுகூடக் கேட்டேன். இரண்டு பேரும் என் பின்னால் வந்தார்கள்.

கால் மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே கட்டம் கட்டமாகச் சாமைக் கொல்லைகள். குதித்தேன், படம் எடுத்துக்கொண்டேன். முதல் துளி அங்கேயே விழுந்தது.

வழுக்கி வழுக்கி ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆனால் காலையில் பார்த்த ஓடை அங்கே இல்லை. செம்மண் நிறத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்ற குறுகுறுப்பு வேறு. நான் முதலில் போகிறேன் என்று சொல்லி ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். அடுத்த காலைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து யாரோ என் பையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். அரிசி மூட்டையோடு சேற்றில் மல்லாந்து விழுந்தேன்.

எழுந்து பார்த்தால், என் வயதுதான் இருக்கும், மழைக்குத் தலையில் கோணிப்பையை மடித்துக் கொங்காடையாகப் போட்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, மூச்சிரைக்க நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறப்பதற்குள், வேரோடு பெயர்ந்த ஒரு மரம், நான் நடந்துபோக இருந்த இடத்தில் உருண்டு போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வந்தது, போய்விட்டது. என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"வூட்டுக்கு வாங்க, தண்ணி வடிஞ்சதும் போவலாம்" என்றாள் அவள், ஒன்றுமே நடக்காதது போல.

அவள் வீடு கொஞ்சம் மேலே இருந்தது. அடுப்பைச் சுற்றி உட்கார வைத்தாள். அவள் கணவர் துண்டு கொடுத்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அப்படி ஒரு பசியில் நான் சாப்பிட்டதே இல்லை. நனைந்த பைகளை நாங்கள் பிரித்தபோது உள்ளே இருந்த அரிசியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"அரிசிய எதுக்குங்க மலைக்குத் தூக்கினு வந்தீங்க?"

சுமை தூக்கிப் பழகத்தான் என்று நாத்தனார் விளக்கினாள். பனிமலை, சறுக்குப் பலகை, எல்லாவற்றையும் வீடியோவில் காட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சந்தைக்குப் போய் அரிசி வாங்கித் தூக்கிக்கொண்டு ஏறுவதே அவர்களுக்குப் பாடு. நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப வீட்டுக்கே கொண்டு போகிறோம். அவள் கணவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நாங்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அரிசியை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, அப்புறம் இறங்கும்போது எதை வைத்துப் பழகுவீர்கள் என்று கேட்டு மறுத்துவிட்டாள்.

நடுநடுவே வெளியே போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஓடை நடுவில் ஒரு கல் இருக்கிறதாம். அதன் தலை தெரிந்தால்தான் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் தண்ணீரில் இறங்குவார்களாம். அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தன் தங்கை கல்யாணத்தன்று இப்படித்தான் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். அக்கரையில் முகூர்த்தம். இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அழுகை வரவில்லையா என்றேன்.

"வந்துச்சு. அழுதுக்கினே உக்காந்திருந்தேன். மறுநாள் போயி பொண்ணு மாப்ளயப் பாத்தேன். அவங்க எங்க போயிடப் போறாங்க?"

ஒரு குன்றின் உச்சிக்காக இரண்டு பேரின் பேச்சையும் மீறியவள் நான். அவளோ தன் தங்கையின் கல்யாணத்தையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள். என் கணவரிடமும் நாத்தனாரிடமும் அங்கேயே, அந்த வீட்டுக்காரர்கள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். நாத்தனார் என் தோளில் இடித்து, "வுடுங்க அண்ணி" என்றாள்.

சாயங்காலம் கல்லின் தலை தெரிந்தது. அவளும் அவள் கணவரும் எங்கள் கையைப் பிடித்து அக்கரையில் விட்டார்கள். கடைசி பஸ் கிடைத்தது. அடுத்த ஞாயிறு அவளுக்கு அளவெடுக்காமலே, கண் மதிப்பில் இரண்டு ரவிக்கை தைத்துக்கொண்டு போனேன். கச்சிதமாக இருந்தது. அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மாசியில் குல்மார்க் போனோம். மழைக்கோட்டுத் துணியில் நானே தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஆறு நாளும் விழுந்தேன். பக்கவாட்டில், பின்பக்கம், ஒருமுறை பயிற்சியாளர் மேலேயே. என் கணவர் நிற்கத் தெரியாமல் போய்ப் பனிக்குவியலில் செருகிக்கொண்டு, அங்கிருந்தே கையாட்டினார். ஆறாம் நாள் இரவெல்லாம் பனி கொட்டியது. ஏழாம் நாள் காலையில் வழிகாட்டி வந்து, புதுப்பனி சரியக்கூடும், இன்றைக்குப் போக வேண்டாம் என்றார். எங்களுக்கு மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். எட்டு மாதம் காத்திருந்த நாள் அது.

சரி என்றேன். அவ்வளவுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த இடத்தில் எல்லோரும் சண்டை போடுவார்களாம்.

அன்று முழுக்க, குழந்தைகள் பழகும் சின்னச் சரிவிலேயே விளையாடினோம். நாலு மணி வாக்கில் மேலிருந்து கிளம்பினேன். முட்டியை மடக்கி, கீழே பார்க்காமல் தூரத்தில் பார்த்து, காற்று முகத்தில் அடிக்க, அடிவரைக்கும் விழாமல் வந்து நின்றேன். நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டதில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

குல்மார்க்கில் என்ன பார்த்தாய் என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பார்த்ததையெல்லாம் சொல்கிறேன்; பார்க்காமல் திரும்பிய அந்த ஏழாம் நாள் மலையைப் பற்றிச் சொல்லும்போதுதான், ஏன் என்று தெரியாமல் என் முகம் மலர்ந்துவிடுகிறது.