லேப்காரர் மகளின் கல்ச்சர்

லேப்காரருக்குத் தெருவில் இன்னொரு பேர், சின்ன டாக்டர். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தமும் மூத்திரமும் பார்க்கிறவர் ஆயிற்றே. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். குணமானால் அவர் கைராசி, ஆகாவிட்டால் அவர்கள் தலையெழுத்து.

மூன்று வயது மகள் குருவிக்கும் அதே கைராசிதான். மூத்திரம் போகும்போது வீறிட்டு அழுவாள், உடம்பு கொதிக்கும். மருந்துக்கடையில் இவரிடம் சீட்டுக் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி வருவார், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார். ஒரே வருஷத்தில் நாலு தடவை. மனைவியிடம் சத்து டானிக் என்று சொல்லி வைத்திருந்தார்.

ஐந்தாம் தடவை காய்ச்சல் அசையவில்லை. திங்கட்கிழமை காலை, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள்.

"இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?" என்று குழந்தை டாக்டரம்மா கேட்டார்.

"அவருக்குத் தெரியாததா டாக்டர்? கண்டதையும் குடுக்க மாட்டார்" என்றாள் மனைவி பெருமையாக.

"இல்ல மேடம்" என்றார் அவர்.

அந்தப் பதிலை நம்பி வழக்கமான ஊசியைப் போட்டார்கள். குருவியின் மூத்திரத்தை அவரே தட்டில் தடவி, லேப்பின் சூட்டுப் பெட்டிக்குள் கல்ச்சர் வைத்தார். கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிய இன்னொரு நாள். புதன்கிழமை வரை அந்தப் பெட்டிக்குள் இருப்பதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மேலே வார்டு, கீழே லேப், நடுவே அறுபது படி. ஏறினால் அனத்தும் குழந்தை, இறங்கினால் மூடிய பெட்டி. சொல்லிவிடலாம் என்று நாலு முறை ஏறினார். நாலு முறையும் நர்சுகள், "வாங்க சார், கவலைப்படாதீங்க சார்" என்றார்கள். திரும்பி இறங்கினார்.

செவ்வாய் சாயங்காலம் காய்ச்சல் நூற்று மூன்று. குருவி தண்ணீரைக்கூடத் துப்பினாள்.

"ஊசி போட்டும் ஏங்க கேக்கல?" என்றாள் மனைவி.

அவர் எழுந்து, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மாவை மறித்தார்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். நாலு தடவை குடுத்திருக்கேன். மும்மூணு நாள்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு நாள் போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை மாற்றி எழுதினார். பின்னாலேயே வந்த மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

புதன் காலை தட்டைத் திறந்தார். மருந்து தோய்த்த பன்னிரண்டு பொட்டுத் தாள்கள். மருந்து கேட்டால் தாளைச் சுற்றித் தெளிந்த வளையம் இருக்கும். ஒன்பது தாள்களின் விளிம்பு வரை கிருமி அடைந்து கிடந்தது. மிஞ்சிய மூன்றில் ஒன்று, நேற்று மாற்றிய ஊசி. பத்து நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்துக்கு என்ன ஆயிற்று என்பது பிறகு ஸ்கேனில்தான் தெரியும்.

ரிப்போர்ட்டோடு வார்டுக்குப் போனார். காய்ச்சல் நூற்றொன்று. மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"படிங்க."

படித்தார். கேக்காது. கேக்காது. கேக்காது.

"இதுல நீங்க குடுத்தது எது?"

குழந்தையின் காலருகே தாளை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"அப்புறம்?"

விரல் கீழே இறங்கியது.